திம்மராயன் வைத்த கறுப்புப் பொட்டு

சீகலப்பள்ளி திம்மராயனுக்கு மூன்று பாஷை தெரியும். கன்னடத்தில் வழி சொல்வான், தமிழில் டோக்கன் கிழிப்பான், தெலுங்கில் திட்டுவான். ஐம்பத்து மூன்று வயதுக்குள் முதல் இரண்டையும் அரைகுறையாகவும் மூன்றாவதை முழுசாகவும் கற்றுக்கொண்டிருந்தான். கற்றுக்கொடுத்தது ராத்திரி ரோடு.

ஓசூரில் கெலமங்கலம் ரோடு பிரிகிற இடத்தில் நல்லுசாமியின் டூவீலர் ஸ்டாண்டு. அதில்தான் அவனுக்கு வேலை. கம்பெனி பஸ் பிடிக்கிறவர்கள் காலையில் வண்டியை விட்டுவிட்டு ஓடுவார்கள், சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். முந்நூறு வண்டி. ஒவ்வொன்றின் வண்டவாளமும் திம்மராயனுக்கு அத்துபடி. எவன் இரண்டு ஹெல்மெட் மாட்டியிருக்கிறான், அந்த இரண்டாவது ஹெல்மெட்டில் யார் தலைமுடி ஒட்டியிருக்கிறது, எவன் வண்டியை மாமனார் பெயரிலிருந்து இன்னும் மாற்றவில்லை, எல்லாம் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டான். கேட்காவிட்டால் சொல்லிவிடுவான்.

சாயங்காலம் ஏழரைக்கு வேலை முடியும். அவன் ஊர்ப்பக்கம் போகிற கடைசி பஸ் ஏழுக்கே போய்விடும். ஆகவே சைக்கிள்தான், ஒன்பது கிலோமீட்டர். ஒரு தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் தக்காளிக் காடு, நடுவில் ஒரு தைலமரத் தோப்பு, தோப்பு ஓரம் ஒரு வளைவு, வளைவில் கைப்பிடிச் சுவர் இடிந்துபோன ஒரு சின்னப் பாலம்.

இருட்டு அவனுக்குப் பழக்கம்தான். வெளிச்சம்தான் எமன். போன வருஷம் முகாமில் வலது கண்ணுக்குப் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. பகலில் குறையில்லை, பத்தடி தள்ளி நின்றே நம்பர் பிளேட்டைப் படித்துவிடுவான். ராத்திரியில் எதிரே வருகிறவன் அந்த வெள்ளை லைட்டை அடித்தான் என்றால் போச்சு. கண்ணுக்குள் ஒரு குடம் பாலை ஊற்றியது மாதிரி ஆகிவிடும். பத்து எண்ணி முடிக்கும்வரை ரோடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. பத்து எண்ணுவதற்குள் சைக்கிள் எங்கே போகும் என்று சைக்கிளுக்கே தெரியாது.

சைக்கிள் ஓட்ட முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பகல் முழுக்க நாராயணம்மாவுக்கு எதிரே வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் குடித்தனம் நடப்பதே அவன் காலையில் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவதால்தான் என்று ஊரில் பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியது நாராயணம்மா.

வருகிற வண்டிகள் எல்லாமே கண்ணைக் குத்தும். ஆனால் பிரதாப்பின் வண்டி கண்ணைப் பிடுங்கும்.

பிரதாப்பும் சீகலப்பள்ளிதான். சரோஜம்மாளின் ஒரே மகன். ஊரில் பாதி மாந்தோப்பு அவர்களுடையது, திம்மராயனின் அப்பன் அந்தத் தோப்பில் கூலி. பிரதாப்புக்கு இருபத்தொன்பது வயது, ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வண்டியோடு வந்த லைட்டு பத்தாது என்று கிராஷ் கார்டில் இரண்டு, ஹேண்டில்பாருக்குக் கீழே ஒன்று எனப் புதிதாக மூன்று மாட்டியிருந்தான். எல்லாம் ஆன்லைனில் வந்தவை. நாலும் சேர்ந்து எரிந்தால் தக்காளிச் செடியில் காய் எது, பிஞ்சு எது என்று எண்ணலாம்.

அவன் காலையில் இதே ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறுவான். ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். குளித்து பவுடர் அடித்துக்கொண்டு எட்டு மணிக்கு மறுபடியும் ஓசூர் கிளம்புவான். ஜிம்முக்கு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஜிம்முக்குப் போகிறவன் ஏன் மல்லிகைப் பூ வாங்குகிறான் என்று பூக்காரிக்கும் திம்மராயனுக்கும்தான் தெரியும். எப்படியோ, தினம் எட்டேகால் வாக்கில் அந்தத் தைலமரத்தோப்பு வளைவில் இவன் இந்தப் பக்கம் வருவான், அவன் அந்தப் பக்கம் வருவான்.

ஐப்பசியில் ஒருநாள் அந்த நாலு லைட்டும் ஒரேயடியாக முகத்தில் அடித்தன. திம்மராயன் எண்ணத் தொடங்கினான். ஐந்து எண்ணுவதற்குள் சைக்கிளோடு பாலத்துக்குக் கீழே கிடந்தான். இடது மணிக்கட்டு பிசகியது. வண்டி நிற்கவில்லை.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு டோக்கன் நீட்டினான்.

"யோவ் திம்மா, கைல என்னாய்யா?"

"உங்க லைட்டுதாங்க தம்பி."

"லைட்டு கைய ஒடைக்குமா? புச்சா கீதே."

"வளைவுல கொஞ்சம் டிப் அடிச்சீங்கன்னா..."

"டிப் அடிச்சா எனக்கு ரோடு தெரியாது. நீ ஓரமா போ."

"நான் போனது ஓரத்துக்கும் அந்தாண்டைங்க. பள்ளத்துல கெடந்தேன்."

"உன் சைக்கிள்ல லைட்டே கெடையாது. நீ வர்றது எனக்கு எப்படித் தெரியும்? உன்ன மாதிரி ஆளுங்க குறுக்க வர்றாங்கன்னுதான் நாலு லைட்டு மாட்டிக்கீறன். எனக்கு நீ தேங்ஸ் சொல்லணும்."

டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். திம்மராயன் அவன் முதுகைப் பார்த்துத் தெலுங்கில் நீளமாக ஒன்று சொன்னான். பக்கத்தில் வண்டி விட்டுக்கொண்டிருந்த ஒரு வயசுப்பெண் ஹெல்மெட்டைக் கழற்றாமலே போய்விட்டாள்.

வீட்டில் முறையிட்டான். நாராயணம்மா கேழ்வரகு களியைக் கிண்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"அவங்க வண்டி, அவங்க லைட்டு. நீ கண்ண மூடிக்கினு ஓட்டு. தொறந்தாலும் தெரியல, மூடினாலும் தெரியல. தொறந்து என்னாத்துக்கு?"

திம்மராயன் யோசித்தான். பிரதாப்பிடம் அந்த வண்டி இருப்பது ராத்திரி கொஞ்ச நேரம். பகலில் பதினோரு மணி நேரம் அது தன் கையில் இருக்கிறது. ஒரு ஆணி போதும். பெட்ரோல் டேங்கில் ஒரு பிடி சர்க்கரை போதும். ஆனால் அவனிடமும் ஒரு கர்வம் இருந்தது. அவன் காவலில் இருக்கும் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தது என்று இதுவரை ஒருத்தன் சொன்னதில்லை. அதை இந்தப் பவுடர் மூஞ்சிக்காக விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அந்த வாரம் ஸ்டாண்டுக்கு எதிரே டயர் மாற்ற ஒரு கிழட்டு லாரி வந்து நின்றது. அதன் ஹெட்லைட் கண்ணாடி இரண்டிலும் நட்டநடுவே கறுப்பாக ஒரு வட்டம் பூசியிருந்தது. டிரைவரிடம் கேட்டான்.

"இதுவா? எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசாம இருக்க. முன்னாடியெல்லாம் போலீசே நிக்க வெச்சுப் பூசி உடுவாங்க. இப்ப எவன் பூசுறான்? எவன் கண்ணு போனா எவனுக்கென்ன."

திம்மராயன் அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் நேரே சுஜாதாவின் பேன்சி ஸ்டோருக்குப் போனான்.

"நகத்துக்குப் பூசுறது. கறுப்புல ஒண்ணு குடும்மா."

சுஜாதாவுக்குக் கண் விரிந்தது. "யாருக்குண்ணா?"

"வண்டிக்கு."

"ஓ! வண்டிக்குப் பேரு என்னாண்ணா?"

அன்று சாயங்காலம் செய்தி சீகலப்பள்ளிக்கு அவன் சைக்கிளை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது. நாராயணம்மா வாசலிலேயே நின்றாள், கையில் துடைப்பம்.

"கறுப்பா நகம் பூசிக்கிற அந்தச் சிறுக்கி எவ?"

"அப்படி ஒருத்தி இருந்தா நான் ஏன் இந்த இருட்டுல ஒம்போது கிலோமீட்டரு மிதிச்சிக்கினு உங்கிட்ட வர்றன்?"

நியாயமான கேள்விதான். அதற்கும் அடி விழுந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு, நல்லுசாமி சாப்பிடப் போன நேரம், திம்மராயன் தகரத் தடுப்புக்குப் பின்னால் பிரதாப்பின் வண்டி எதிரே குந்தினான். அந்தக் குட்டி பிரஷ் அவன் விரலுக்கு அடங்கவில்லை. கட்டைவிரலையே தோய்த்து நாலு லைட்டிலும் நடுவே ஒவ்வொரு பொட்டு வைத்தான். அவன் வாயில் எப்போதும் வெற்றிலை, கட்டைவிரலில் எப்போதும் சுண்ணாம்பு. கறுப்பு காய்ந்ததும் அதைச் சுற்றி வெள்ளையும் சிவப்புமாக ஒரு வளையம் விழுந்தது. பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. வேலைக்கு ஆனால் போதும் என்று எழுந்துகொண்டான்.

வேலைக்கு ஆனது. அன்று ராத்திரி வளைவில் நாலு லைட்டும் சளி பிடித்தவன் மாதிரி மங்கலாக வந்தன. திம்மராயன் மூன்று எண்ணுவதற்குள் கண் தெளிந்துவிட்டது. பாலத்து விளிம்பு தெரிந்தது. ரோட்டில் கிடந்த ஒரு கல் தெரிந்தது. எவனோ விட்டுப்போன ஒற்றைச் செருப்புகூடத் தெரிந்தது. இறங்கி அதை ஒரு உதை விட்டுவிட்டுப் போனான், சந்தோஷத்தில்.

இரண்டு நாளில் பிரதாப் கண்டுபிடித்துச் சுரண்டினான். கம்பெனிப் பயல்களின் குசும்பு என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் பதினோரு மணிக்குப் பொட்டு திரும்ப வந்தது. அவன் சுரண்டுவதும் இவன் வைப்பதுமாக மூன்று வாரம் ஓடியது. அப்புறம் அமாவாசை வந்தது.

அமாவாசைக்கு சரோஜம்மாள் வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றுவாள். அன்று விடிகாலையில் பழத்தோடு குனிந்தவள் நிமிரவில்லை. போட்ட சத்தத்தில் நாய்கள் மாந்தோப்பு வரைக்கும் ஓடின.

"ஐயையோ! எவனோ வெச்சிட்டாண்டா! எம்புள்ள வண்டிக்குச் செய்வினை வெச்சிட்டாண்டா!"

கறுப்பு, அதைச் சுற்றிச் சிவப்பு, அதற்கு மேல் வெள்ளை, நாலு லைட்டுக்கு நாலு, அமாவாசையன்று. இனி வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த ஒரு மாதத்தில் நடந்த அத்தனை தரித்திரமும் வரிசையில் வந்து நின்றது. போர் வற்றியது. மாடு செத்த கன்று போட்டது. பிரதாப்புக்குப் பேசிய வேப்பனப்பள்ளிப் பெண் வீட்டார் பின்வாங்கியது. கடைசியில் சொன்னதற்கு மல்லிகைப் பூதான் காரணம். அதை யார் அந்தம்மாளிடம் சொல்வது?

வேப்பனப்பள்ளி தாண்டி ஆந்திர எல்லையில் ஒரு குறிகாரர் இருக்கிறார். வண்டியையே அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் கண்ணை மூடினார், திறந்தார், கிட்டப் போய்ப் பொட்டை மோந்து பார்த்தார். சுண்ணாம்பு வாசம் வந்த பிறகுதான் அவருக்கு அருளும் வந்தது.

"வண்டியைத் தினம் தொடுற கை. வெத்தலை போடுற வாய். கற்பூரத்துல அடிச்சு இல்லன்னு சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா தோஷம் கெடையாது. பண்ணலன்னா அவந்தான்."

மறுநாள் காலை கம்பெனிக்காரர்கள் பஸ் ஏறுவதற்குள், அந்தக் கை திம்மராயனுடையது என்று ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்று நாளில் நாற்பது வண்டி எதிர் ஸ்டாண்டுக்குப் போனது. நல்லுசாமி சங்ககிரிப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவருக்கே வியர்த்தது.

"ஏப்பா திம்மராயா, நெசமாலுமே ஏதாச்சும் வெச்சுப் போட்டியா?"

"நான் என்னாத்த வெக்கிறதுங்க."

"அப்பறமென்ன, கற்பூரத்த அடிச்சுப்போட்டு வேலையப் பாரு. அந்தம்மா நாளைக்குச் சாயங்காலம் வருது. அடிச்சீன்னா நீ இங்க இருக்கற. இல்லீன்னா நாளாண்ணிக்கு வராதப்பா. எனக்கும் பொழப்பு ஓடோணும்."

திம்மராயனுக்கு மனசு லேசானது. அவன் செய்வினை எதுவும் வைக்கவில்லை. இது நூற்றுக்கு நூறு சத்தியம். இவ்வளவு சுத்தமான சத்தியத்தை அவன் வாழ்க்கையில் செய்ததே கிடையாது. கல்யாணத்தன்று செய்ததுகூட இதில் பாதிதான் தேறும்.

மறுநாள் ஆறரைக்கு ஆட்டோவில் சரோஜம்மாள் வந்து இறங்கினாள். பின்னாலேயே பிரதாப், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஷிப்டு விட்டு வந்தவர்கள் யாரும் வண்டியை எடுக்கவில்லை, சுற்றி நின்றார்கள். தட்டில் வெற்றிலை, வெற்றிலை மேல் கற்பூரம். சரோஜம்மாள் கொளுத்தினாள்.

"அடிடா. எங்க ஊட்டு உப்பத் தின்னு வளந்தவன் உங்கப்பன். நீ வெக்கலன்னா அடி."

திம்மராயன் கையை நீட்டினான்.

"அடிச்சிடு," என்றாள் அந்தம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ அடிச்சிட்டா என் பாரம் எறங்கிரும். எம்புள்ள இன்னிக்கே நாலு லைட்டயும் தொடச்சிப் போட்டுக்கினு ராசா மாதிரி போவான். இன்னும் ரெண்டு மாட்டணும்னாலும் மாட்டிக்கட்டும்."

நீட்டிய கை அங்கேயே நின்றது.

இன்னும் இரண்டு. நாலு ஆறாகும். வளைவு, பால், பாலம். போன தடவை மணிக்கட்டு. அடுத்த தடவை கழுத்து. கற்பூரத்தை அடித்தால் இந்த வேலை நிலைக்கும், ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சேருவோமா என்பது நிச்சயமில்லை. உண்மையைச் சொல்லிப் பார்க்கலாமா? முன்பே சொன்னானே, கட்டுப் போட்ட கையோடு. தேங்ஸ் சொல்லச் சொன்னான் அந்தப் பயல்.

திம்மராயன் கையை மடக்கினான். மடக்கிய கையை இடுப்புக்குக் கொண்டுபோனான். சுருக்குப்பையை எடுத்தான், ஒரு வெற்றிலையை உருவினான், காம்பைக் கிள்ளினான், நிதானமாகச் சுண்ணாம்பு தடவினான். கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. அவன் மடித்து வாயில் போட்டான். கற்பூரம் சிணுங்கி அணைந்தது.

கூட்டத்தில் ஒருத்தன் இரண்டடி பின்னால் போய் எவன் காலையோ மிதித்தான். மிதிபட்டவன் கத்தவில்லை.

பிரதாப்புக்குத்தான் முதலில் பொறி தட்டியது. சூப்பர்வைசர் அல்லவா.

"யோவ்! நீ லைட்டு கூசுதுன்னுதானே பூசின? அன்னிக்கு டிப் அடி, டிப் அடின்னியே! அம்மா, செய்வினையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. லைட்ட மறைக்கப் பூசிக்கீறாம்மா! சொல்லித் தொலையேன்யா!"

திம்மராயன் மென்றான்.

"லைட்டுக்குப் பூசுறவன் லைட்டுன்னு சொல்லிட்டுப் போறான்," என்றாள் சரோஜம்மாள். "வாயே தொறக்க மாட்டேங்கறானே, பாத்தியா? நீ சும்மாரு. அவங்கிட்ட வாயக் குடுக்காத." திரும்பினாள். "திம்மராயா... அண்ணன் தம்பியா பழகுன ஊருப்பா. உனக்கு என்னா வேணும், சொல்லு."

அப்பன் காலத்திலிருந்து அந்த வாயில் 'டா' தவிர வேறு கேட்டறியாதவன் அவன். ஓரமாகப் போய்ச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தான்.

"ராத்திரில அந்த வண்டிக்கு அவ்ளோ வெளிச்சம் ஆகாதுங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னான். அந்தம்மாள் மகன் பக்கம் திரும்பி, "கழட்டுடா" என்றாள்.

"அம்மா, ஆபீஸ்ல சிரிப்பாங்கம்மா! இவன் ஏமாத்துறான்!"

"கழட்டுறியா, இந்தத் தட்டாலயே தலைல ஒண்ணு போடவா?"

பிரதாப்பிடம் ஸ்பேனர் இல்லை. திம்மராயன் தன் டப்பாவிலிருந்து பத்தாம் நம்பர் எடுத்துக் கொடுத்தான். வாங்கும்போது அவன் பார்த்த பார்வையில் கற்பூரம் இல்லாமலே தீ பிடித்திருக்கும்.

"உன்னப் பாத்துக்கறன்யா."

"பாருங்க தம்பி. மரை தேஞ்சிரும், மெதுவா திருப்புங்க."

அடுத்த நாள் அவன் வேலைக்கு வந்தான். வராதே என்று சொல்லியிருந்த நல்லுசாமி, நாற்காலியைத் துணியால் துடைத்து அவன் பக்கம் தள்ளினார். செய்வினைக்காரனை வேலையை விட்டு நிறுத்துகிற துணிச்சல் சங்ககிரியில் யாருக்கும் கிடையாது. போன நாற்பது வண்டியில் முப்பத்தைந்து பத்து நாளில் திரும்பி வந்தன. அந்த ஸ்டாண்டில் எவனும் பெட்ரோல் திருட மாட்டான் என்று எதிர் ஸ்டாண்டிலேயே பேசிக்கொண்டார்களாம்.

ரோட்டிலும் மரியாதை. சீகலப்பள்ளிப் பக்கத்து வண்டிகள் தூரத்தில் அந்தச் சைக்கிளைக் கண்டதுமே டிப் அடித்தன. ஒன்றிரண்டு பேர் லைட்டையே அணைத்துவிட்டு ஓரம்கட்டி நின்றார்கள். திம்மராயன் யாரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து மிதித்தான்.

வீட்டில்தான் கச்சேரி. நாராயணம்மாவிடம் அடுத்த வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்பதை நிறுத்திவிட்டாள். சீமந்த வீட்டில் அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை.

"கொழாயடில நான் போனா எல்லாம் வெலகி நிக்கறாளுங்க. எங்கொடந்தான் மொதக் கொடம். சண்டையே போடாம ஒரு மனுஷி எப்படிய்யா தண்ணி புடிக்கிறது? பாவி, என் வாய அடைச்சிட்டியே!"

"போயி உண்மையச் சொல்லிக்கோ."

"சொன்னனே! லைட்டுக்குத்தான் பூசினாருன்னு சொன்னன். நானும் கூட்டுன்னு பேசிக்கறாளுங்க."

அந்த ராத்திரி களிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை. அதற்கப்புறமும் பல ராத்திரி வைக்கவில்லை.

பிரதாப் சும்மா இருக்கிற ஜாதகம் இல்லை. லைட்டைத்தான் அம்மா கழற்றச் சொன்னாள், வேறு எதுவும் சொல்லவில்லையே. ஒரு மாதம் கழித்து லாரிக்கு மாட்டுகிற ஹாரன் ஒன்றை வாங்கி வண்டியில் கட்டினான். எட்டேகாலுக்கு வளைவில், ஒற்றை லைட்டோடு அடக்கமாக வந்து, திம்மராயனின் காதுக்குப் பக்கத்தில் வந்ததும் அழுத்துவான். தைலமரத்தில் தூங்குகிற காக்காய் எல்லாம் எழுந்துவிடும். சைக்கிள் கைப்பிடி ஆடும். ஆனால் பாலத்து விளிம்பு கண்ணுக்குத் தெரியும். ஆடுகிற கைப்பிடியை ரோட்டுக்குத் திருப்பிவிடுவான். கண் முன்னால் ரோடு இருக்கும்வரை எவன் எவ்வளவு ஊதினாலும் அவன் பள்ளத்தில் இறங்குவதாக இல்லை.

இப்போதெல்லாம் காலையில் வண்டியை விட்டதும் பிரதாப் உடனே பஸ்ஸுக்கு ஓடுவதில்லை. போனை எடுத்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ பிடிக்கிறான். லைட்டு, டயர், ஹாரன், ஒயர், ஒவ்வொன்றும் தனித்தனியாக. சாயங்காலம் வந்து ஒப்பிட்டுப் பார்க்க. இதனால் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கம்பெனியில் திட்டு வாங்குகிறான்.

திம்மராயன் தடுப்பதில்லை. டோக்கன் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஹாரனுக்குப் பக்கத்தில் போய் நின்று, போட்டோவில் நன்றாக விழட்டும் என்று தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறான்.